சுவரில் வாய் திறந்திருந்த மனிதர்

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கடிதம் எழுதுவதென்றாலே நாலு வரிக்கு மேல் போகாது. இதில் சொல் பிழைக்கும், முன்னுக்கு வரவேண்டியது பின்னுக்கு வரும், சில ஆட்களின் முகம் ஞாபகம் இருக்கும், பெயர் வராது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கின் ஆண்டு மலருக்கு, இந்த நாட்டில் வேலை செய்து ஓய்வெடுத்த பெண்களிடம் கட்டுரை வாங்குகிறார்கள். மலரைப் பார்க்கிற டெய்சி, பூசை முடிந்து வெளியே வர என்னைக் கதவடியில் பிடித்துக்கொண்டாள்.

“அன்ரி, எல்லாரும் பக்டரி, ஆஸ்பத்திரி, துப்புரவு வேலை எண்டு எழுதித் தந்திருக்கினம். நீங்கள் ஏதோ பழைய படம் கழுவினனீங்களாமே. அதை எழுதுங்கோவன்.”

“படம் கழுவினதைப் பற்றி என்ன பிள்ளை எழுதிறது? தண்ணியில போடுறது. பேந்து எடுக்கிறது.”

“அதைத்தான் எழுதுங்கோ.”

அதைத்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது மொன்ட்ரியாலில் அஹுன்ட்சிக் பக்கத்தில், ஒரு காலத்தில் உடுப்புத் தைத்த பக்டரிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில். மதாம் ஒடீல் என்பவர் அங்கே பழைய கடதாசிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். (இங்கே வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) நூலகங்களும் பழம்பொருள் சேர்க்கிறவர்களும் கிழிந்ததையும் நனைந்ததையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். வரைபடம், திருமணப் பத்திரம் எல்லாம் வரும். ஆனால் அதிகம் வந்தவை பாரிசில் அச்சடித்த பழைய சஞ்சிகைகள். எங்கள் பூட்டன் பூட்டிக்கும் முந்திய காலத்தவை. அவற்றில் பக்கம் முழுக்கக் கேலிப்படம் இருக்கும். கல்லில் வரைந்து அச்சடித்து, சிலதுக்குக் கையாலேயே வர்ணமும் பூசியிருப்பார்கள்.

முதலில் நான் அங்கே போனது நிலம் துடைக்க. பட்டறை மேசையில் கிடந்த ஒரு கிழிசலைக்கூட அசைக்காமல் சுற்றிச் சுற்றித் துடைத்துவிட்டு வருவேன். பயத்தில் செய்தது. மதாம் அதைப் பொறுமை என்று நினைத்துவிட்டார். ஒருநாள் வாளியை வாங்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு, என்னைக் கதிரையில் இருத்தி, கையில் ஒரு தூரிகையைத் தந்தார். அதற்குப் பிறகு பசை காய்ச்சவும், யப்பான் கடதாசியை மயிரிழையாகக் கிழித்து ஒட்டவும், ஈரத்தாளைக் கிழியாமல் தூக்கவும் பழகியதெல்லாம் எல்லாருக்கும் வேலை பழகுவது போலத்தான். கனக்கக் கெடுத்தேன், கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுப்பது குறைந்தது.

மதாமின் முறையைச் சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை விட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான். ஆனால் அவர் துடைக்கத் தொடங்கினால் நான் தூரிகையைக் கீழே வைத்துவிடுவேன். அவருடைய முதல் சட்டம், எந்தத் தாள் வந்தாலும் உடனே தொடக்கூடாது. கையை மடியில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் இருக்கவேண்டும். பிறகு அதில் என்ன இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். “ஒரு மனிதன். தொப்பி. தொப்பியில் ஓட்டை. இடது மூலையில் எண்ணெய்க் கறை. மேலே பூச்சி தின்ற இடம்.” சொல்லாதது கண்ணில் பட்டிருக்காது, கண்ணில் படாததைக் கை கெடுத்துவிடும் என்பார். சொல்லி முடிந்த பிறகுதான் தூசி தட்டுவது. நனைந்த பஞ்சு நுனியால் மை கரைகிறதா என்று ஒரு மூலையில் தொட்டுப் பார்ப்பது. கரையாவிட்டால் தாளை வலையில் ஏந்தித் தட்டில் இருக்கும் தண்ணீரில் விடுவது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறத்துக்கு வரும். அதை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர். தண்ணீர் நிறம் மாறாமல் நிற்கும்வரைக்கும் இதே வேலைதான். பிறகு ஒற்றுத்தாளுக்கும் கம்பளிக்கும் நடுவில் வைத்துப் பாரம் ஏற்றுவது.

நான் ஆட்களோடு கதைக்க வெட்கப்படுகிறவள். ஆனால் தாள் திருப்பிக் கதைக்காதபடியால் அதற்கு முன்னால் எனக்கு வாய் வந்தது. என் பிரெஞ்சு முழுவதும் அந்தக் கேலிப்படங்களில் இருந்து பொறுக்கியது. கந்தல், ஊன்றுகோல், அடகுக்கடை, வாடகை கேட்டு வருகிறவன், சீட்டிழுப்பு இதெல்லாம் தெரியும். வைத்தியரிடம் நாள் கேட்கத் தெரியாது. ஒரு படத்தில் இரண்டு பிச்சைக்காரர்கள் கோயில் படியில் இருப்பார்கள். ஒருவனுக்கு மரக்கால். மற்றவன் சொல்கிறான், “நீ அதிர்ஷ்டக்காரன், உனக்கு ஒரு சப்பாத்துப் போதும்.” முழங்கால் வருத்தத்துக்கு நான் போனபோது டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். எனக்கு வந்த ஒரே பிரெஞ்சு, “மரக்கால்காரன் அதிர்ஷ்டக்காரன்.” டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு என் கோப்பை இன்னொரு தரம் திறந்து பார்த்தார்.

அந்தச் சஞ்சிகைக்காரர்களுக்கு ஏழையும் அதிர்ஷ்டமும்தான் சலிக்காத விஷயம். அதிர்ஷ்டத்தை ஒரு பெண்ணாக வரைவார்கள். கண்ணைக் கட்டியிருப்பாள், காலுக்குக் கீழே ஒரு சில்லு உருளும், கையில் இருந்து காசு கொட்டும். கொட்டுவதெல்லாம் ஏற்கெனவே நிறைந்த பையில்தான் விழும். ஒரு படத்தில் அவள் தன் பாட்டில் ஏழையின் கதவைத் தட்டுகிறாள். வாடகை கேட்டு வந்தவன் என்று நினைத்து அவன் கட்டிலுக்குக் கீழே ஒளித்திருக்கிறான். இன்னொன்றில் ஒருவனுக்குச் சீட்டிழுப்பில் பெரிய பரிசு விழுந்துவிட்டது. ஆனால் அவன் மனைவி அந்தச் சீட்டை எடுத்து அவனுடைய காற்சட்டைப் பின்பக்கத்தில் ஒட்டுப் போட்டுவிட்டாள். அவன் காசு கொடுக்கிறவருக்கு முன்னால் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

இதை வீட்டில் போய் அவருக்குச் சொன்னேன். என் மனிசர் வெள்ளிக்கிழமை தவறாமல் மூலையில் இருக்கிற தெப்பனர் கடையில் லொத்தர் ரிக்கற் எடுக்கிறவர்.

“பேந்து? குடுத்தவங்களோ இல்லையோ?”

“இஞ்சாருங்கோ, அது படம்.”

“படம் எண்டாலும் ரிக்கற் ரிக்கற்தானே. நம்பர் தெரிஞ்சாக் குடுக்கத்தான் வேணும்.”

“நம்பரில குந்தியிருந்து அழிஞ்சுபோச்சாக்கும்.”

அன்று இரவு முழுக்க அந்த ஆளுக்காக இவருக்கு நித்திரை இல்லை.

இந்தப் படங்களை வரைந்தவர்கள் ஏழையைப் பார்த்துச் சிரித்தார்களா, அதிர்ஷ்டத்தைப் பார்த்துச் சிரித்தார்களா என்று நான் மதாமிடம் ஒருதரம் கேட்டேன். கேட்கவே எனக்குக் கனகாலம் எடுத்தது. மதாம் சொன்னார், “ரெண்டுக்கும் சேர்த்துத்தான் சம்பளம் வாங்கினவை, றீற்றா.” அவர் சொன்னது பிரெஞ்சில். எனக்குத் தெரிந்த பாஷையில்தான் எழுத முடியும் என்றபடியால், இதில் வருகிற கெபெக் மாகாணக்காரர் எல்லாரும் எங்கள் ஆட்களைப் போலக் கதைப்பார்கள்.

இனி அந்தச் சுவர்ப்படத்தின் கதை. நான் ஓய்வெடுப்பதற்குச் சற்று முந்திய குளிர்காலம் அது.

ஒரு அண்ணனும் தங்கையும் வந்தார்கள். அண்ணன் கஸ்தோன், தங்கை தெரேஸ். இருவருக்கும் எண்பதை எட்டுகிற வயது. மொன்ட்ரியால்-நோரில் அவர்கள் பிறந்து வளர்ந்த வீடு கைமாறி, வாங்கியவர்கள் குசினியை உடைத்தார்களாம். மேல் பலகையைக் கழற்ற, அடியில் பழைய பலகைச் சுவர் முழுக்கப் பாரிஸ் சஞ்சிகைத் தாள்கள் ஒட்டியிருந்தன. அவர்களின் தாய், உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசு வீட்டில் வேலை செய்தவர். அங்கே அடுப்பு மூட்ட என்று எறிந்த ஒரு கட்டுச் சஞ்சிகையைக் கொண்டுவந்து, குளிர்காற்று வராமல் இருக்கப் பலகை இடுக்குகளுக்கு மேல் ஒட்டியிருக்கிறார். பணக்காரர் வாங்கிச் சிரித்த ஏழைகள், ஏழை வீட்டுக் குசினியில் காற்றை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

கஸ்தோன் பலகையோடு வெட்டிக் கொண்டுவந்தார். மற்றத் தாள்கள் தொட்டவுடன் உதிர்ந்தன. ஒன்றுதான் ஏறக்குறைய முழுதாக இருந்தது. அதில், பூங்காவில் இருக்கிற நீட்டு வாங்கு ஒன்றில் ஒரு கந்தல்காரன் தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் படுத்திருக்கிறான். வாய் ஆவென்று திறந்திருக்கிறது.

“இவர் எங்கட மாமா,” என்றார் கஸ்தோன். “நாங்கள் அப்பிடித்தான் கூப்பிடுறது. மேசையில நான் இருக்கிற இடத்துக்கு நேர எதிர இவர்தான். நான் சூப் குடிக்கக் குடிக்க வாயைத் திறந்துகொண்டு பாத்துக்கொண்டிருப்பார்.”

“நீ மெதுவாக் குடிச்சாத்தானே,” என்றார் தெரேஸ். “அந்தாளுக்கு என்ன மிச்சம் வைச்சனி?”

கஸ்தோன் முதியோர் இல்லம் ஒன்றுக்குப் போக இருந்தார். அங்கே தன் அறையில் மாமாவை மாட்டவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. துப்புரவாக்கித் தரச் சொன்னார்கள். மதாம் படத்தைக் குப்புற வைத்து, பலகையின் பின்பக்கத்தால் மெல்ல ஈரமேற்றித் தாளைக் கழற்றினார். காயவைத்து, அடுத்த கிழமை என் மேசையில் வைத்தார்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன். மதாம் ஜன்னலடியில் வேறு வேலையில் இருந்தார். “வாங்கு. மனிதன் நித்திரை. மேலே கூடை தொங்குகிற பலூன். அதில் அதிர்ஷ்டப் பெண், கண் கட்டியிருக்கிறாள். காசு கொட்டுகிறாள். ஒன்று பணக்காரனின் குடையில். ஒன்று நாயின் சட்டியில். கீழே எழுத்து, ‘கடைசியில் அவனுக்கும் கிடைத்தது!’ அடுத்த வரி கிழிந்துவிட்டது. மனிதனின் வாய் திறந்திருக்கிறது. நாக்கு. நாக்கில்...”

நாக்கில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. அச்சடித்தது இல்லை. மேலே ஒட்டியது. வட்டம். புகை பிடித்து மஞ்சளாகியிருந்தாலும் அதன் நொய்மை தெரிந்தது. நடுவில் அச்சு இரும்பு பதிந்த ஒரு கோடு. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, நாக்கை நீட்டி அந்த ஆள் பூசையில் குருவானவர் தருகிற அப்பத்தை ஏற்று நன்மை வாங்குவதைப் போலவே இருந்தது.

“ஓஸ்தி,” என்றேன்.

பூசையில் மந்திரித்துத் தருகிற அந்த அப்பத்தின் பெயர்தான், ஆனால் இந்த ஊரில் அது கோபம் வந்தால் வாயில் வருகிற தூஷணம். மதாம் திடுக்கிட்டுத் திரும்பினார். இத்தனை வருஷத்தில் நான் ஒரு கெட்ட சொல் சொன்னதில்லை. எதையோ கிழித்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்தார். நான் விரலால் காட்டவும் பயந்து, கண்ணால் காட்டினேன்.

மதாம் குனிந்து பார்த்தார். தாள் பிடிக்கிற சாவணம் கையில் இருந்தது. அதை வைத்துவிட்டார்.

“ஓஸ்தியிலும் சின்னன் இது,” என்றார்.

“உடைஞ்ச துண்டாயும் இருக்கலாம், மதாம். துண்டு எண்டாலும்...”

“தெரியும். துண்டு எண்டாலும் முழு ஆண்டவர்தான். எனக்கும் கன்னியாஸ்திரிமார்தான் படிப்பிச்சவை.” கண்ணாடியைக் கழற்றினார். “நான் கோயிலுக்குப் போறதை விட்டுக் கனகாலம். நான் இதையெல்லாம் நம்பிறேல்லை, றீற்றா.”

“ஓம், மதாம்.”

“ஆனா நான் எடுக்கமாட்டன்.”

நம்பாதவரும் நம்புகிறவளும் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாளின் முன்னால் இருந்தோம். அன்றைக்கு வேறு வேலை நடக்கவில்லை. மதாம் தாளுக்கு மேல் ஒரு கண்ணாடித் தட்டைக் கவிழ்த்துவிட்டு, சொந்தக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார்.

கஸ்தோன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “இதுக்கே என்னை இந்தப் பனிக்குள்ள கூப்பிட்டனீங்கள்? ஓஸ்தி வெட்டின பிறகு மிஞ்சிற சீவல். கன்னியாஸ்திரிமார் பையில போட்டு விப்பினம். மந்திரிக்காத வெறும் அப்பம். சின்னனில அள்ளி அள்ளித் திண்டிருக்கிறம். இப்பவும் கடையில இருக்கு.”

அது உண்மைதான். நானும் கடையில் கண்டிருக்கிறேன். எங்கள் ஊர் மடத்திலும் சிஸ்டர்மார் எங்களுக்குப் பிடி பிடியாகத் தந்திருக்கிறார்கள். ஆனால் தெரேஸ் சிரிக்கவில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டார்.

“சீவல் வட்டமாய் இராது, கஸ்தோன். வட்டத்தை வெட்டி எடுத்த மிச்சம்தான் சீவல். அது வளைஞ்சு வளைஞ்சு இருக்கும்.”

“உடைஞ்ச ஓஸ்தியும் சில நேரம் பையில கலந்திருக்கும்.”

“அம்மா நன்மைக்குப் போறதை விட்டவா. உனக்கு ஞாபகம் இல்லையோ?”

கஸ்தோன் அதைக் கேட்க நிற்கவில்லை, சப்பாத்துப் பனியைத் தட்ட வாசலுக்குப் போய்விட்டார்.

தெரேஸ் எங்களைப் பார்த்துச் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலால் வரும்போது தாய் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நடந்தார். கேட்டதற்கு ஒன்றுக்கும் வாய் திறக்கவில்லை. பனியில் முழு வழியும் அப்படியே நடந்து, வீட்டுக்கு வந்து நேரே குசினிக்குள் போனார். அதற்குப் பிறகு பல வருஷம் நன்மை வாங்க எழும்பியதில்லை. தகப்பனுக்கு வேலை இல்லாத காலம். அக்கம்பக்கத்தில் அதிர்ஷ்டம் வரவேண்டும் என்று ஓஸ்தியை வாயில் ஒளித்துக் கொண்டுவந்து வீட்டில் வைக்கிற கதைகள் இருந்தனவாம். அதைச் செய்தவர் பிறகு எந்த முகத்தோடு நன்மைக்குப் போவார்?

“அம்மா அதைத்தான் செய்திருக்கிறா,” என்றார் தெரேஸ். “அதிர்ஷ்டப் படத்தில கொண்டுபோய் ஒட்டியிருக்கிறா. அந்தப் பாவத்தோடதான் செத்தவா. நான் அவவின்ர கட்டிலடியில இருந்து செபமாலை சொன்னனான், எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை.”

எழுபது வருஷமாக ஒரு தாயின் மூடிய வாயை இந்த அம்மா சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அன்று பின்னேரம் எங்கள் பங்குப் பாதருக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன்.

“பார்த்துச் சொல்லேலாது, றீற்றா அம்மா,” என்றார் பாதர். “மந்திரிச்சதோ மந்திரிக்காததோ எண்டு கண்ணுக்குத் தெரியாது. அப்பத்தின்ர உருவம் பழுதாப் போயிருந்தா ஆண்டவற்ற பிரசன்னமும் அங்க இல்லை. இவ்வளவு காலம் புகைக்குள்ள இருந்தது... அதையும் நிச்சயமாச் சொல்லேலாது. சந்தேகம் எண்டாத் தண்ணியில கரையவிட்டு, ஒருதரும் மிதிக்காத மண்ணில ஊத்துங்கோ. அதுதான் முறை.”

எனக்குச் சிரிப்பும் வந்தது. தண்ணீரில் விட்டுக் கரைப்பதுதானே என் வேலை.

ஆனால் கரைத்தால் போய்விடும். மதாம் இதைத் தொலைபேசியில் சொல்ல, தெரேஸ் உடனே கரைக்கச் சொன்னார். அம்மாவுக்கு அதையாவது செய்யவேண்டும் என்றார். கஸ்தோன் விடவில்லை. மறுநாள் இருவரும் பட்டறையிலேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

“அம்மா கையால ஒட்டினது எண்டால் அதை ஏன் கரைக்கோணும்? வேற என்ன இருக்கு அவவின்ர கைபட்டது?”

“பாவத்தைச் சட்டம் போட்டு மாட்டப் போறியோ?”

“நான் மாமாவை மாட்டப் போறன். மாமா வாயில என்ன இருந்தா உனக்கென்ன?”

“உனக்கு எப்பவும் உன்ர சூப் கோப்பைதான்.”

மதாம் கண்ணாடியைத் துடைத்து முடிக்கும்வரை பொறுத்திருந்தார். “ரெண்டு பேரும் ஓம் எண்டு சொல்லாமல் நான் எதையும் அழிக்கமாட்டன். ஆனா கரைக்கிறதெண்டாலும் வைச்சிருக்கிறதெண்டாலும் முதல்ல தாளில இருந்து எழுப்போணும். எழுப்பி, ரெண்டு பக்கமும் பார்ப்பம். அதுக்குச் சம்மதமோ?”

சம்மதித்தார்கள்.

அந்த எழுப்புகிற வேலையை நான் மறக்கமாட்டேன். தண்ணீர் ஒரு சொட்டும் படக்கூடாது. பட்டால் கஞ்சியாகிவிடும். ஒற்றுத்தாளில் சின்ன வட்டம் வெட்டி, நனைத்துப் பிழிந்து, இடையில் ஈரமூச்சு மட்டும் போகிற ஒரு மெல்லிய துணியை வைத்து, அதன்மேல் வைத்தோம். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்த்து, மீண்டும் வைத்தோம். மதாமின் நெற்றி வேர்த்தது. யார் எடுப்பது என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அவரே மீன்முள்ளைப் போன்ற மெல்லிய எலும்புத் தகட்டை அடியில் விட்டார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் கஸ்தோனும் போட்டுக்கொண்டிருந்தார்.

வெள்ளை வட்டம் கழன்று வந்தது. அடியில் நாக்கு. நாக்கின்மேல் அச்சடித்த ஒரு காசு.

அப்போதுதான் அந்தப் படத்தின் பகிடி எங்களுக்குப் பிடிபட்டது. அதிர்ஷ்டப் பெண் எறிந்த காசு, நித்திரையாகக் கிடந்தவனின் தொண்டைக்குள் விழுகிறது. ‘கடைசியில் அவனுக்கும் கிடைத்தது!’ அவன் நன்மை வாங்கவில்லை, மூச்சடைக்கப் போகிறான். யாரோ அந்தக் காசைச் சரியாக மறைத்து, அதே அளவுக்கு அப்பத்தை ஒட்டியிருக்கிறார்கள். படம் வேறு படமாகிவிட்டது.

மதாம் வட்டத்தைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, பக்கவாட்டில் விளக்குப் பிடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். “ஓரம் சீராய் இல்லை,” என்றார். “அச்சு வெட்டினா ஓரம் வழுவழுப்பாய் இருக்கும். இது முத்திரை ஓரம் மாதிரி இருக்கு. பூச்சி அரிச்சிருக்கலாம்.”

கஸ்தோன் பார்த்தார். “பூச்சி இல்லை. எலி. எங்கட வீட்டு எலி எனக்குத் தெரியாதே?”

தெரேஸ் கடைசியாகக் குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து நான் கிட்டப் போனேன்.

“எலி இல்லை,” என்றார். “நான்.”

ஒருவருக்கும் விளங்கவில்லை.

“சீவலை வாயில வைச்சுச் சுத்திச் சுத்திக் கொறிச்சு வட்டமாக்கிறது. பல்லாலதான் வெட்டுவன், கத்தி தரமாட்டினம். பூசை விளையாட்டுக்கு.” கஸ்தோனைப் பார்த்தார். “நீ முழங்காலில நிக்கமாட்டன் எண்டனி.”

“நான் ஏன் நிக்க? நான்தான் குருவானவர்.”

“எப்பவும் நீதான் குருவானவர்!”

“நீ பொம்பிளைப் பிள்ளை. உன்னைக் குருவாக்கினா அது பூசையே?”

“அதுதான் உனக்குத் தரேல்லை. வீட்டில சும்மா வாயைத் திறந்துகொண்டு நிண்டது மாமா ஒருத்தர்தான். அவருக்குக் குடுத்தன். துப்பல் போட்டு ஒட்டினன். காசைப் பாக்க எனக்குப் பிடிக்கேல்லை, தொண்டையில சிக்கப்போகுது எண்டு பயமாய் இருந்தது.”

மதாம்தான் முதலில் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. இத்தனை நாள் வேலையை நிறுத்தி, பாதரைக் கேட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுப்பியது ஒரு சின்னப் பிள்ளை பல்லால் கொறித்த சீவல். வேறு ஆட்களாக இருந்தால் அன்றைக்கே சாவணத்தால் கிள்ளிக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

தெரேஸ் மட்டும் சிரித்து முடித்துவிட்டுக் கஸ்தோன் பக்கம் திரும்பினார்.

“அப்ப அம்மா ஏன் நன்மைக்குப் போகேல்லை?”

“திண்டுபோட்டெல்லோ போறவா,” என்றார் கஸ்தோன், பெரிய விஷயம் இல்லாததைப் போல.

“என்ன திண்டவா?”

“பாண். அந்த நாளையில நடுச்சாமத்தில இருந்து ஒண்டும் வாயில வைக்கக்கூடாதெல்லோ, நன்மை வாங்கிறதெண்டால். ஞாயிற்றுக்கிழமையும் அம்மா விடிய முதல் நொத்தாரிசு வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டி, சமைச்சு வைச்சுப்போட்டுத்தான் பூசைக்கு வாறவா. வெறும் வயித்தோட ஒருக்கா அங்க மயங்கி விழுந்து, இனி விழுந்தா வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டினம். அதுக்குப் பிறகு காஞ்ச பாண் துண்டைக் கடிச்சுக்கொண்டுதான் போவா. நான் எழும்பி அவவோட இருந்து தின்னுறனான். நீ நித்திரை.”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீ எப்ப கேட்டனி? உனக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சன்.”

“அண்டைக்கு வாயை மூடிக்கொண்டு நடந்தவாவே?”

கஸ்தோன் சொன்னார், “எல்லாரும் எழும்பிப் போக, அவ தனிய வாங்கில இருந்தவா. முன் வாங்குச் சனம் திரும்பித் திரும்பிப் பாத்தது. எனக்கு அது நல்ல ஞாபகம்.”

அது எனக்கு ஒருவரும் விளக்கவேண்டிய விஷயம் இல்லை. நன்மை நேரத்தில் எழும்பாமல் இருக்கிற ஒரு பெண்ணை எங்கள் சனமும் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும்.

தெரேஸ் கதிரையில் போய் இருந்து, அன்றும் கழற்றாமல் நின்ற கோட்டை அப்போதுதான் கழற்றினார். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, “பாண்,” என்றார். இன்னொரு தரமும், “பாண்,” என்றார்.

மதாம் கண்ணாடிச் சில்லை இருவருக்கும் நடுவில் வைத்தார். படத்துக்குப் பெறுமதி வேண்டும் என்றால் இதைக் கழற்றிய மாதிரியே விடவேண்டும், வரைந்தவர் வரைந்தது காசைத்தான் என்றார். முடிவு உங்களுடையது, காசா அப்பமா?

“அப்பம்,” என்றார் கஸ்தோன். “இவ்வளவு காலம் அதைத்தானே திண்டவர்.”

“நான் சொல்ல வந்ததை நீ சொல்லாத,” என்றார் தெரேஸ். “அப்பம்.”

தாளை நான்தான் கழுவினேன். தண்ணீர் பல தரம் நிறம் மாறியது. காய்ந்த பிறகு கோதுமைப் பசையை நீர்த்தாற்போல் கரைத்து, அந்த வட்டத்தை அதன் இடத்தில் ஒட்டினேன். வெறும் சீவல் என்று தெரிந்த பிறகும் என்னால் விரலால் தொட முடியவில்லை, சாவணத்தால்தான் பிடித்தேன். கஸ்தோன் அதைத் தன் அறையில் மாட்டினார். சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஆணி அடிக்க விடமாட்டார்களாம், கட்டிலுக்கு எதிரேதான் என்று தெரேஸ் பிறகு சொன்னார்.

இவ்வளவும் எனக்கு ஞாபகம் உள்ளபடி எழுதியது. படத்தின் கீழே இருந்த பிரெஞ்சு எழுத்தை நான் சரியாகத் தமிழில் சொன்னேனோ தெரியாது. பிரெஞ்சு படித்த பிள்ளைகள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றையும் பாதரிடமோ பழைய புத்தகம் தெரிந்தவர்களிடமோ கேட்டு, அச்சடிக்க முதல் எனக்குச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில், விடியற்காலையில் பாரவேலைக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டும் நன்மை வாங்கலாம் என்று ஏதாவது விலக்கு இருந்ததா? இருந்திருந்தால், அந்த அம்மாவுக்கு ஒருவரும் அதைச் சொல்லவில்லை.